எண்பது எங்கிருந்து வந்தது?

மதுரங்குளிச் சந்தியிலிருந்து உள்ளே திரும்பும் வீதியில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலை. பெப்ரவரி மாதம், முதல் தவணை தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து இரண்டாவது ஆண்டாகக் கற்பிக்கும் இளம் ஆசிரியை தன் வருட இலக்குப் படிவத்தை ஆசிரிய ஆலோசகரிடம் நீட்டினார். “வருட இறுதியில் தரம் 3 மாணவரில் 80 சதவீதமானோர் தமிழ்ப் பாடத்தில் சித்தியடைவர்” என்று முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது.

“மகள், இந்த எண்பது எங்கிருந்து வந்தது?”

“போன வருஷம் எழுபத்தெட்டு, சேர். ரெண்டு கூட்டிப் போட்டேன்.”

“போன வருஷம் இருந்த புள்ளைகளா இப்ப இந்த வகுப்பில இருக்கிறாங்க?”

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபத்தெட்டைப் பெற்றுக்கொடுத்த பிள்ளைகள் நாலாம் வகுப்புக்கு ஏறிப் போய்விட்டார்கள். இப்போது எதிரே இருக்கும் முப்பத்தொரு பேரில் யாருக்கு என்ன வாசிக்க வரும் என்பது படிவத்தை எழுதியவருக்கும் தெரியாது, அதில் கையெழுத்து வைக்கப்போகும் அதிபருக்கும் தெரியாது. பிள்ளைகள் மாறிய பிறகும் எண் மட்டும் வகுப்பிலேயே தங்கியிருந்தது.

அந்த ஆலோசகர் இப்போது ஓய்வில் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட சேவை முழுவதும் புத்தளம் கரையோரத்திலேயே கழிந்தது. முற்பாதியில் வகுப்பாசிரியர்; பிற்பாதியில் மோட்டார் சைக்கிளில் பாடசாலை பாடசாலையாகப் போய் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு வழிகாட்டுகிற ஆலோசகர். பெயர் போட வேண்டாம் என்றார். பெயர் தெரிந்தால் அவர் சொல்லும் பிள்ளைகள் யார் என்பதை ஊர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுமாம்.

சதவீதத்தின் மீது அவருக்குச் சந்தேகம் விழுந்த வருடம் 1991.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவுப் பக்கங்களிலிருந்து கையில் அகப்பட்டதோடு வந்தவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். தென்னந்தோப்புகளுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. இருந்த பாடசாலைகளில் இடம் போதவில்லை. காலையில் ஊர்ப் பிள்ளைகள், பிற்பகலில் வந்த பிள்ளைகள் என்று சில இடங்களில் இரண்டு நேரமும் வகுப்பு நடந்தது. மரத்தடியில் நடந்ததும் உண்டு. அப்போது அவர் நியமனம் பெற்று வந்த புது ஆசிரியர். இடாப்பில் நாற்பது பெயருக்குத்தான் கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே பேனாவால் புதுக் கோடுகள் போட்டுப் பெயர்களை எழுதினார்.

அந்த வருட இறுதியில் வகுப்புச் சராசரி சரிந்தது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் “கற்பித்தலில் போதிய கவனம் இல்லை” என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போனார். அந்த வரி இன்னும் அவருக்கு மனப்பாடம். மன்னாரிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி பல மாதம் பாடசாலையையே காணாதவள். ஜனவரியில் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தை வெறித்துப் பார்ப்பாள். டிசம்பரில் ஒரு பந்தியைத் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தாள். ஊர்க் கடைக்காரரின் மகன் அதே பந்தியை ஜனவரியிலேயே சரளமாக வாசித்தான், டிசம்பரிலும் வாசித்தான். புள்ளிப் பட்டியலில் அவனுக்கு 82, அவளுக்கு 38. அந்த வருடம் ஆசிரியர் வேலை செய்தது யாரிடம்? பட்டியலின்படி கடைக்காரர் மகனிடம்.

ஆசிரியர் எவ்வளவு திறமையாகக் கற்பித்தார் என்பதைப் பிள்ளையின் கற்றலை வைத்து அளக்கலாமா என்ற கேள்வி புதியதல்ல. இங்கிலாந்தில் 1862இல் வந்த ‘திருத்திய விதிக்கோவை’ பள்ளிகளுக்கான அரசு நன்கொடையைப் பரீட்சையோடு கட்டிப்போட்டது. பரிசோதகர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் கேட்பார், ஒரு பிள்ளை ஒன்றில் தவறினால் அந்தப் பிள்ளைக்கான பணத்தில் ஒரு பங்கு வெட்டு. பரிசோதகராக இருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை முழுக்க மனப்பாடம் செய்துவிட்டார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அந்தக் காலத்தவைதான். அங்கே அந்த முறை கழிந்துபோக முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. இதற்கிடையில் கப்பலேறி மதராஸ் மாகாணத்துக்கும் இலங்கைக்கும் வந்து, மிஷன் பள்ளிகளின் உதவி நன்கொடையையும் தீர்மானித்தது. நம் பாட்டனின் பாட்டன் காலத்து வாத்தியார் பரிசோதகர் வரும் நாளில் வியர்த்ததற்குக் காரணம் பயபக்தி மட்டுமில்லை, சம்பளமும்தான்.

இன்றைக்குச் சம்பளம் அப்படி நேராக வெட்டப்படுவதில்லை. அதன் இடத்தில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்து உட்கார்ந்திருக்கிறது. முடிவு வந்த வாரம் மதுரங்குளியில் இருந்து பாலாவி வரை பஸ்ஸில் போனாலே தெரியும்: வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைகளின் படத்தோடு பதாகைகள், கீழே கற்பித்த ஆசிரியரின் படம். 200 புள்ளிக்கு இத்தனை என்று பெரிய எழுத்தில். வெட்டுப்புள்ளிக்கு ஒன்று குறைந்த பிள்ளைக்கும் அதே ஆசிரியர்தான் கற்பித்தார். அந்தப் பிள்ளைக்குப் பதாகை இல்லை.

1998இல் கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கி அடுத்த வருடம் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இதற்கு ஒரு மாற்று வழி காட்டியது. தரம் 1, 2 ஒரு முதன்மை நிலை, 3, 4 இன்னொன்று, 5 மூன்றாவது என்று பிரித்து, ஒவ்வொரு நிலையின் முடிவிலும் எந்தப் பிள்ளையும் தவறவிடக் கூடாத ‘அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள்’ பட்டியலிடப்பட்டன. எத்தனை பேர் சித்தி என்பதை விட்டு, இந்தப் பிள்ளைக்கு இது வருமா என்று கேட்கிற பட்டியல். ஆலோசகருக்கு அது பிடித்திருந்தது. இன்றும் அந்தப் பழைய கையேட்டை மட்டைபோட்டு வைத்திருக்கிறார். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2003இல் நாலாம் தரப் பிள்ளைகளின் அடைவை நாடளாவிய மாதிரியில் அளந்ததையும் அவர் மதிக்கிறார். எந்த ஆசிரியரின் கோப்புக்கும் அந்தப் புள்ளி போகவில்லை, அதனால் யாருக்கும் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை என்பது அவர் கணக்கு.

பொய் எப்படி வரும் என்பதை அவர் தன் சொந்தச் செலவிலேயே கற்றார்.

ஆலோசகரான புதிதில் மூன்று பாடசாலைகளில் ஒரு சோதனை செய்தார். வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் அளப்பது, ஆசிரியரே இலக்கு எழுதுவது, வருட முடிவில் திரும்ப அளப்பது. முதல் வருடம் அருமையாகப் போயிற்று. ஆசிரியர்கள் தேநீர் வேளையில் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கினார்கள். இந்தச் செய்தி மேலே எட்டியது. நல்லதென்று நினைத்த ஒருவர் படிவத்தில் ‘இலக்கு எட்டிய சதவீதம்’ என்று ஒரு நிரலைச் சேர்த்தார். அதன் பிரதியைச் சம்பளவேற்றக் கோப்போடு இணைக்கும்படியும் சொல்லப்பட்டது.

அடுத்த பெப்ரவரியில் மூன்று பாடசாலைகளிலும் ஒரு விசித்திரம். பிள்ளைகள் எல்லோரும் திடீரென்று எழுத்து மறந்துபோனார்கள். டிசம்பரில் வாக்கியம் வாசித்த பிள்ளை பெப்ரவரிப் படிவத்தில் எழுத்து நிலையில் நின்றது. தொடக்கத்தைத் தாழ்த்தி எழுதினால் முடிவு தானாக உயர்ந்து தெரியும் அல்லவா? ஆசிரியர்களைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தானே அந்தக் கதிரையில் இருந்திருந்தால் தானும் இரண்டு படி இறக்கித்தான் எழுதியிருப்பேன் என்கிறார். இரண்டாம் வருட முடிவில் அந்தச் சோதனையை அவரே மூடிவிட்டார்.

பிறகு வாசித்தபோது இந்தக் கூத்து கடல் கடந்தும் நடந்திருப்பது தெரிந்தது. அமெரிக்காவின் டென்வர் நகரப் பாடசாலைகளில் 1999 முதல் 2003 வரை ஒரு முன்னோடித் திட்டம் நடந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் அதிபரோடு பேசி மாணவர் கற்றலுக்கு இரண்டு இலக்கு எழுத வேண்டும். எட்டினால் மேலதிகப் பணம். அதை ஆராய்ந்தவர்கள் கண்டதில் அவருக்கு உறைத்தது ஒன்று: இலக்குகள் தரமாக எழுதப்பட்ட வகுப்புகளில் பிள்ளைகளின் அடைவும் உயர்ந்திருந்தது. அதாவது, யார் பிள்ளைகளைப் பார்த்து எழுதினார் என்பதே முக்கியம். அதே நாட்டின் அட்லாண்டா நகரத்தில் கதை வேறு. 2011இல் வெளிவந்த மாநில விசாரணை, 44 பாடசாலைகளில் 178 கல்வியாளர்கள் பிள்ளைகளின் விடைத்தாள்களில் விடைகளை மாற்றுவது போன்ற மோசடிகளில் சம்பந்தப்பட்டதாகச் சொன்னது. 2015இல் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். அழிறப்பரோடு உட்கார்ந்து பிழையான விடையைச் சரியாக்கும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். பிழையைச் சரியாக்கத்தானே அவருக்குச் சம்பளம்! பிள்ளையின் தலைக்குள் செய்ய வேண்டியதைத் தாளில் செய்துவிட்டார்.

மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆந்திரப் பிரதேசக் கிராமப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய பெரிய ஆய்வில், பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பொறுத்து ஆசிரியருக்கு ஊக்கத்தொகை கொடுத்த பள்ளிகளில் கணக்கும் மொழியும் இரண்டு வருடத்தில் மற்றப் பள்ளிகளைவிட உயர்ந்தன. அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அங்கே தொடக்கத்தையும் முடிவையும் அளந்தவர்கள் வெளியாட்கள். ஆசிரியர் கையில் அளவுகோல் இல்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கையோ, பரீட்சைப் புள்ளிகளில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் ஆசிரியருக்குரிய பங்கு 1 முதல் 14 சதவீதம் என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்வதாகக் குறிப்பிட்டது. மிச்சத்தில் வீடு இருக்கிறது, வறுமை இருக்கிறது. மதுரங்குளிப் பக்கத்தில் கடலும் இருக்கிறது.

கடல் என்று அவர் சொல்வதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மேற்குக் கரை மீனவக் குடும்பங்கள் சில கிழக்குக் கரைக்கு வாடி போடப் போகும். பிள்ளையும் கூடப் போகும். மே மாதத்தில் போன பிள்ளை செப்டெம்பர் கழிந்து வந்து அதே வாங்கில் உட்காரும். வரவு குறைந்த பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்று சொல்லும் விதிகள் உண்டு. ஆலோசகர் விடுவதில்லை, பெயரை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்த நாட்களை எழுதச் சொல்வார். கணக்கிலிருந்து விட்ட பிள்ளையை நாளடைவில் ஆசிரியரின் கண்ணும் விட்டுவிடும் என்பது அவர் பயம்.

சரி, அந்த எண்பதுக்கு வருவோம். இளம் ஆசிரியையின் படிவத்தை அவர் கிழிக்கவில்லை. மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “ரெண்டு கிழமை பாடத்தை விடுங்க. புள்ளைகளை ஒவ்வொருத்தரா வாசிக்கக் கேளுங்க” என்றார்.

அளவுகோல் எளிமையானது. இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் வீடு வீடாகப் போய் நடத்தும் ‘ஏசர்’ ஆய்வின் வாசிப்புப் படிகளை எடுத்து, தன் தேவைக்கு ஒரு படி கூட்டியிருந்தார்: எழுத்து, சொல், வாக்கியம், பந்தி, கதை. விறாந்தை மூலையில் இரண்டு கதிரை. பிள்ளைக்கு மூன்று நான்கு நிமிடம். பாடநூலிலிருந்து எதையும் வைக்கக் கூடாது. அது பாதிப் பேருக்கு மனப்பாடம். உப்பளம், கருவாடு, தோணி, தென்னந்தோப்பு என்று பிள்ளை அறிந்த உலகத்தைப் பற்றிப் புதிதாக எழுதிய பந்தி வேண்டும். பெப்ரவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று, நவம்பருக்கு ஒன்று. மூன்றிலும் சொற்களின் எண்ணிக்கையும் கொம்பு வரும் எழுத்துகளும் ஏறத்தாழச் சமம்.

கொம்பை ஏன் எண்ண வேண்டும்? தமிழ் வாசிக்கும் பிள்ளை இடறுகிற பெரிய கல் அதுதான். காதில் பின்னால் கேட்கும் ஒலிக்குக் கண்ணில் முன்னால் குறி. ‘கொடி’யை ‘கெடி’ என்று வாசிக்கும் பிள்ளைக்கு, எழுத்தின் பின்னால் நிற்கும் அரவு இன்னும் கண்ணில் படவில்லை. அகர வரிசையைப் பாட்டாகப் பாடும் பிள்ளையிடம் நடுவிலிருந்து ‘ஞு’வைத் தொட்டுக் காட்டினால், முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் சொல்ல முடியும். ர-றவும் ல-ள-ழவும் எழுத்தில் வரும் சிக்கல். வாசிப்பில் அவற்றைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்பது அவர் கட்சி. பண்டிதர்கள் கோபிக்கலாம்.

இரண்டு கிழமை முடிவில் முப்பத்தொரு பேரும் படிகளில் நின்றார்கள். நான்கு பேருக்கு எழுத்தே வரிசை மாறினால் தெரியாது. ஒன்பது பேர் எழுத்தில், எட்டுப் பேர் சொல்லில், ஆறு பேர் வாக்கியத்தில், நான்கு பேர் பந்தியில். போன வருட எழுபத்தெட்டு இதில் எங்குமே இல்லை. ஆசிரியை தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்புப் பாடநூலை அவர் ஒரு மாதமாகக் கற்பித்தது கடைசிப் பத்துப் பேருக்கு.

இலக்கை அவரே எழுதினார். எழுத்துத் தெரியாத நால்வர் சொல்லுக்கு வர வேண்டும். எழுத்தில் நிற்கும் ஒன்பது பேர் வாக்கியத்துக்கு. சொல்லில் நிற்பவர்கள் பந்திக்கு. வாக்கியத்தில் நிற்பவர்கள் கதைக்கு. பந்தி வாசிக்கும் நால்வருக்கு வாசிப்பில் இலக்கு வைத்தால் அவர்கள் வருடம் முழுக்கச் சும்மா இருந்தே எட்டிவிடுவார்கள். ஆகவே அவர்கள் தாமாக ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். ஆலோசகர் ஒன்றை மட்டும் திருத்தினார். ‘முயற்சி செய்வர்’ என்று இருந்த இடமெல்லாம் ‘வாசிப்பர்’ என்று மாற்றினார்.

கணக்குக்கும் இப்படி ஒன்று எழுதினார்கள். அங்கே நடந்ததன் சுருக்கம்: கருவாட்டுக் கடையில் வாப்பாவுக்கு உதவும் பையன் ஆயிரம் ரூபாய்க்கு மிச்சம் எவ்வளவு என்பதை வாயால் உடனே சொல்கிறான், தாளில் கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னால் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணை எந்தப் பக்கமிருந்தும் கழித்துவிடுகிறான். அவனுக்குத் தெரியாதது கணக்கா, கணக்கை எழுதும் விதமா? பத்துக் கேள்வித் தாளுக்கு அது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ஆசிரியைக்குத் தெரிந்தது.

ஜூலையில் இடை அளவு. எழுத்தில் நின்ற ஒன்பது பேரில் ஏழு பேர் அசையவே இல்லை. ஆசிரியை அழும் நிலைக்கு வந்துவிட்டார். பட்டறைகளில் இந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இலக்கு எழுதுவதை வண்ணப் பேனாவால் பிரிஸ்டல் அட்டையில் கற்றுத் தருவதோடு மதிய உணவு வந்துவிடும். ஏன் அசையவில்லை என்று இருவரும் தேடினார்கள். நேரசூசி மாறவில்லை, பாடநூல் மாறவில்லை, இருக்கை மாறவில்லை. மாறியது படிவம் ஒன்றுதான். மறுநாள் முதல், முதற் பாடவேளையின் இருபது நிமிடம் பாடநூல் மூடப்பட்டது. பிள்ளைகள் படிக்கேற்பக் குழுவாக உட்கார்ந்தார்கள். எழுத்துக் குழு ஆசிரியையோடு. பந்திக் குழு சொல் குழுவுக்கு வாசித்துக் காட்டியது. புது உபகரணமாக வந்தவை பழைய பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டிய எழுத்துகள்.

நவம்பரில் கேட்டவர் வகுப்பாசிரியை அல்ல, நாலாம் வகுப்பு ஆசிரியை. முந்திய சோதனையில் அடிபட்டுக் கற்ற பாடம் அது: அளக்கிற காதும் கற்பித்த வாயும் ஒருவருடையதாக இருக்க வேண்டாம். அடுத்த வருடம் அந்தப் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கப் போகிறவருக்கு, அவர்களை உயர்த்திக் காட்ட எந்தக் காரணமும் கிடையாது. படிவத்தில் சதவீத நிரல் இல்லை. கோப்புக்கும் அது போகவில்லை. அதிபர் பார்த்துவிட்டு ஆசிரியையிடமே திருப்பிக் கொடுத்தார். சம்பளவேற்றத்துக்கு வழக்கமான படிவம் வழக்கம்போலப் போயிற்று.

இலக்கை எட்டியவர்கள் இருபது பேர். ஒரு படியாவது ஏறியும் இலக்கைத் தொடாதவர்கள் ஒன்பது பேர். பெப்ரவரியில் நின்ற படியிலேயே நவம்பரிலும் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவன் பருவத்துக்குக் கிழக்குக் கரை போய் வந்தவன். பெயருக்குப் பக்கத்தில் வந்த நாட்களின் எண்ணிக்கை இருந்தது. மற்றவள் ஒரு நாளும் விடாமல் வந்தவள், முன் வாங்கில் இருந்தவள், பார்வை கேள்வி எல்லாம் சரி. அவள் பெயருக்கு எதிரே, காரணம் எழுதும் கட்டத்தில், ஆசிரியை “ஏன் என்று எனக்குத் தெரியவில்லை” என்று எழுதியிருந்தார். தன் சேவைக்காலத்தில் எந்த உத்தியோகப் படிவத்திலும் அப்படி ஒரு வரியைக் கண்டதில்லை என்கிறார் ஆலோசகர்.

சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த எண்பது சதவீதப் படிவம் துவைப்பில் கரைந்துபோயிற்று. மற்றத் தாளை ஜனவரியில் நாலாம் வகுப்பு ஆசிரியை வாங்கிக்கொண்டார். விறாந்தை மூலையில் கதிரை போட்டு அவர் முதலில் கூப்பிட்டது அந்தச் சிறுமியை.